கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதப் பழக்கும் மதுரை வகுப்பு: ஒரு மதிப்புரை

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத முன்வருகிறவர்களுக்கு அங்குள்ள கட்டுரைத் தரங்களைப் புரியவைப்பதற்காக மட்டும் மதுரையில், வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு மாடிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சி வகுப்பு நடைபெறுகிறது. நடத்துபவர்கள் அக்கலைக்களஞ்சியத்தில் நெடுநாளாக எழுதிவரும் தன்னார்வலர்கள். தங்கள் குழுவுக்கு ஒரு பெயரோ வாசலில் ஒரு பலகையோ அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை என்பதால் இம்மதிப்புரையிலும் அதை வெறுமனே வகுப்பு என்றே குறிப்பிடுகிறேன். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நடக்கும் இப்பயிற்சிக்குக் கட்டணம் 250 ரூபாய். மதியச் சாப்பாட்டுக்கும் அச்சிட்ட குறிப்புத் தாள்களுக்கும் அது சரியாகப் போய்விடும் என்பது பார்த்தாலே தெரிகிறது. வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் பாதி. மீதிப்பேர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கங்களிலிருந்து தம் ஊரைப் பற்றி எப்படியாவது எழுதிவிட வேண்டும் என்று பேருந்தேறி வருபவர்களும்.

இப்படியொரு வகுப்பு தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கி, 2003-இல் தமிழுக்கு வந்து, 2017-இல் தமிழில் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த இக்கலைக்களஞ்சியத்தின் அடிப்படையே யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதுதான். தொகுப்பதற்கான பொத்தானை அழுத்தத் தெரிந்தவருக்கு வகுப்பு எதற்கு? ஆனால் புதியவர்கள் மனம் சோர்ந்து விலகுவது பொத்தான்களால் அன்று. ஆசையாக எழுதிய பத்தி சற்று நேரத்தில் நீக்கப்பட்டு, நீக்கியதற்கான காரணமாக நடுநிலை, மெய்யறிதன்மை (எழுதியதை ஆதாரத்தில் சரிபார்க்க முடிவது), குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்குத் தகுதி) என்பன போன்ற சொற்கள் மட்டும் வந்து நிற்கும்போது, தம்மை யாரோ அவமதித்துவிட்டார்கள் என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் நியாயத்தை எழுதுவதற்கு முன்பே ஒருவருக்குக் காட்டிவிட முடியுமா என்பதுதான் இவ்வகுப்பை மதிப்பிடுவதற்கான அளவுகோல் என்று நான் கருதுகிறேன். அந்த அளவில் வகுப்பின் முதல் ஞாயிறு மிகச் சிறப்பானது; இரண்டாம் ஞாயிறு அந்த உயரத்தை எட்டவில்லை.

கணக்குத் தொடங்குவது, மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது, பக்கத்தின் வரலாற்றைத் திறந்து யார் எதை மாற்றினார் என்று காண்பது, உரையாடல் பக்கத்தில் கையொப்பமிடுவது ஆகிய செய்முறைகளைக் காலை தேநீருக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். இதில் குறை சொல்லவோ வியக்கவோ ஒன்றுமில்லை. தேநீருக்குப் பிறகுதான் வகுப்பு தன் உண்மையான வேலையைத் தொடங்குகிறது.

பயிற்றுநர் விதிகளை வாசிப்பதில்லை. ஒவ்வொருவரும் மதுரையைப் பற்றித் தமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்கிறார். பிறகு அத்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் தட்டச்சு செய்து, அந்த வாக்கியம் ஒரு கலைக்களஞ்சியத்தில் நிற்குமா என்று அவையிடமே கேட்கிறார். நான் இருந்த அமர்வில் முதலில் வந்தது ஒரு மாணவி எழுதிய, மதுரையின் மக்கள்தொகை பற்றிய வாக்கியம். அவர் எழுதிய எண் தவறு என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, எல்லாரும் கைப்பேசியை எடுத்துத் தேட, மூன்று எண்கள் கிடைத்தன: 10,17,865, 14,65,625, 30,38,252. மூன்றுமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை, மூன்றுமே சரியானவை. முதலாவது விரிவாக்கத்துக்கு முந்தைய எல்லைப்படியான மாநகராட்சிக்கு உரியது. இரண்டாவது சுற்றியுள்ள நகர்ப்புறப் பகுதிகளையும் சேர்த்த தொகுதிக்கு உரியது. மூன்றாவது மாவட்டம் முழுமைக்கும் உரியது. எண்ணை எழுதினால் போதாது. எந்த ஆண்டு, எந்த எல்லை, யார் எண்ணியது என்ற மூன்றும் அதனுடன் வர வேண்டும் என்பதை விதிப்புத்தகத்தின் துணையின்றி அந்த அறை கால் மணி நேரத்தில் தானே கண்டுபிடித்தது. மெய்யறிதன்மை என்ற தலைப்பில் எத்தனை பக்கம் அச்சிட்டுக் கொடுத்திருந்தாலும் இந்தத் தெளிவு வந்திருக்காது.

அடுத்து வந்தது கீழடி. மதுரை மாவட்டத்திலுள்ள கீழடி என்று தொடங்கிய வாக்கியத்தைப் பார்த்து யாரும் முதலில் எதுவும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் அது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டத்தைச் சேர்ந்தது என்று திருப்புவனத்துக்காரர் ஒருவர் சொன்ன பிறகே பலருக்கும் நினைவு வந்தது. ஆனால் பயிற்றுநர் அந்தத் திருத்தத்தோடு நிறுத்தவில்லை. இந்தியத் தொல்லியல் ஆய்வகம் 2014–15-இல் அகழாய்வைத் தொடங்கியது, 2017–18 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது, 2019-இல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கை கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது ஆகிய செய்திகளை வைத்துக்கொண்டு, அந்தக் கால வரையறையை எப்படி எழுதுவது என்று கேட்டார். தமிழர் நாகரிகமே தொன்மையானது என்பதைக் கீழடி நிரூபித்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். கரிமப் பகுப்பாய்வின் அடிப்படையில் இன்ன ஆண்டில் இன்ன துறை வெளியிட்ட அறிக்கை இப்படிக் கூறுகிறது என்று இன்னொருவர் எழுதினார். இரண்டாவது வாக்கியம் வறட்சியாக இருக்கிறதே என்று அறையில் முணுமுணுப்பு எழுந்தது. அதற்குப் பயிற்றுநர் சொன்ன விடை எனக்குப் பிடித்தது: கீழடியை ஏற்றுக்கொள்ள மறுக்கும் ஒருவர் முதல் வாக்கியத்தை ஒரு நொடியில் தள்ளிவிடலாம், இரண்டாவதைத் தள்ள வேண்டுமானால் அவர் அந்த அறிக்கையை எடுத்துப் படித்தாக வேண்டும். நடுநிலை நோக்கு என்பதைக் கொள்கையின் பலவீனமாக எண்ணிக்கொண்டிருந்த இளைஞர்கள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன்.

ஆனால் அன்றைய நாளின் உச்சம் பென்னிகுவிக்தான். வைகைப் பாசனத்துக்கு உயிர் கொடுத்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இல் முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கைக் குடும்பத்தில் ஒருவராக நினைக்கும் நாடு இது. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைக்கிறார்கள். அணை கட்டும்போது நிதி தடைபட்டதால் அவர் இங்கிலாந்து சென்று தன் சொத்துகளை விற்றுப் பணம் கொண்டுவந்து வேலையை முடித்தார் என்ற செய்தியை, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு மேற்கோள் என்ன என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

“இது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, தம்பி.”

“தெரியும்னு எனக்கும் தெரியுதுங்கய்யா. ஆனா இந்த ஊரே தெரியாத ஒருத்தர் படிக்கும்போது எதைக் காட்டி நம்பச் சொல்லலாம்னுதான் கேக்குறேன்.”

தேடியதில் நாளிதழ்ச் செய்திகளும் மேடைப் பேச்சுகளும் ஏராளமாகக் கிடைத்தன. எல்லாம் அண்மைக் காலத்தவை, எல்லாம் ஒன்றையொன்று எதிரொலிப்பவை. அணைத் திட்டத்தின் வரலாற்றைச் சென்னை அரசு அச்சகம் 1899-இலேயே தனி நூலாக வெளியிட்டிருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு முதலில் புரட்ட வேண்டியது அதைப் போன்ற சமகால ஆவணங்களையே தவிர, நேற்றைய நாளிதழை அல்ல என்று பயிற்றுநர் விளக்கினார். அதற்காக அந்த நம்பிக்கையைக் கட்டுரையிலிருந்து அழித்துவிட வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. மக்களிடையே இப்படியொரு செய்தி வழங்கி வருகிறது என்பதே ஒரு தகவல்தான். அதைப் பதிவு செய்த ஒரு நல்ல ஆதாரத்தைக் காட்டி, வழக்காறு என்ற அளவிலேயே எழுதலாம். மனிதரின் பெருமைக்குக் குறைவில்லை, கட்டுரைக்கும் குறைவில்லை. ஆசிரியர் சற்று யோசித்துவிட்டுத் தன் தாளைத் திரும்ப வாங்கி, திருத்தி எழுதித் தந்தார். முதியவர் ஒருவரின் மனம் நோகாமல், அதே நேரம் தரத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காமல் இதைச் செய்வதற்குத் தனித் திறமை வேண்டும். இந்த ஓர் அமர்வுக்காகவே 250 ரூபாயைக் கொடுக்கலாம்.

இதே முறையில்தான் அடைமொழிகளையும் களைகிறார்கள். உலகப் புகழ்பெற்ற மதுரை மல்லிகை என்பதைத் தூக்கிவிட்டு, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை என்று வைத்தால் வாக்கியம் சுருங்கவில்லை, கனத்துவிட்டது என்பதைக் கண்ணால் காண முடிகிறது. சுங்குடிச் சேலைக்கு 2005 என்று இன்னொருவர் உடனே சேர்த்துக்கொண்டார். சித்திரைத் திருவிழாவைத் திருமலை நாயக்கர் இணைத்து நடத்தினார் என்பர் என்று எழுதினால், என்பவர் யார் என்ற கேள்வி வருகிறது. மீனாட்சியம்மன் கோயிலில் 33,000 சிற்பங்கள் இருப்பதாக இணையம் எங்கும் காணப்படும் எண்ணை ஒருவர் கொடுத்தபோது, எண்ணியவர் யார், எப்போது எண்ணினார் என்று கேட்டது பயிற்றுநர் அல்லர். காலையில் மக்கள்தொகையில் மாட்டிக்கொண்ட அதே மாணவி. வகுப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆதாரங்களை எடைபோடும் பகுதிக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். அது சரியான முடிவு. மதுரையைப் பற்றி எழுத வருகிறவர் கையில் முதலில் கிடைப்பது கோயிலில் விற்கும் தல வரலாற்றுச் சிறுநூல், அடுத்தது வலைப்பதிவு, அதற்கடுத்தது புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்தி. இவற்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைத் தலைப்புவாரியாகக் காட்டினார்கள். நெல்சன் எழுதி 1868-இல் வெளிவந்த மதுரை நாட்டுக் கையேட்டையும், பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடியையும் அருகருகே திரையில் வைத்து, அக்கால ஊர், நிலவரி, பாசனம் பற்றிய செய்திகளுக்கு இவை உதவும் அளவுக்கு, சாதிகளைப் பற்றி ஒரு வெள்ளை அதிகாரி எழுதிய தீர்ப்புகளுக்கு உதவா என்று விளக்கியது நன்று. பழமையான நூல் என்பதாலேயே ஒன்று நம்பகமானதாகிவிடாது என்பதைப் பலர் அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைத் தேடும் முறையையும், 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உள்ளூர் வரலாற்று நூல்களைப் பார்த்துப் பக்க எண்ணோடு குறிப்பெடுக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். மேற்கோள் காட்டப்படும் நூல் இணையத்தில் கிடைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அச்சில் வந்து, யாரேனும் ஒருவர் ஒரு நூலகத்தில் எடுத்துச் சரிபார்க்க முடிந்தால் போதும். இந்த ஒரு செய்தி பணி ஓய்வு பெற்றவர்களிடையே பெரும் நிம்மதியை உண்டாக்கியது. வீட்டு அலமாரியில் இருக்கும் நூல்களுக்கு அன்று மதிப்பு கூடிவிட்டது.

இனிக் குறைகள். முதலாவது, வாய்மொழிச் செய்திகள் பற்றியது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தன் ஊர்த் தெய்வத்தின் கதையையும் எருதுகட்டின் நடைமுறைகளையும் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். எந்த நூலிலும் இல்லாத செய்திகள் அவை. கலைக்களஞ்சியத்தில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. விதிப்படி அது சரி. ஆனால் வகுப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் அடுத்து எங்கே போவது? பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் நாட்டார் வழக்காறு குறித்து எழுதப்பட்டுத் தூசி படிந்து கிடக்கும் ஆய்வேடுகளில் அவர் ஊர் இருக்கலாம். இல்லையென்றால் ஓர் ஆய்விதழிலோ வட்டார வரலாற்று இதழிலோ அவரே அதை முதலில் கட்டுரையாக வெளியிடலாம், பிறகு வேறொருவர் அதை ஆதாரமாக்கலாம். இந்த இரண்டு வழிகளையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மதுரையைச் சுற்றியுள்ள நாட்டில் அச்சேறாத செய்திகளே மிகுதி என்பதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரத்தான் செய்யும். நோட்டை மூடிவைத்துக்கொண்ட அந்த மனிதர் இரண்டாம் ஞாயிறு வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு குறிப்பிடத்தக்கமையில் தொடங்குகிறது. புதியவர்கள் அதிகம் புண்படும் இடம் இதுதான் என்பதை நடத்துபவர்கள் அறிந்திருக்கிறார்கள். தந்தையைப் பற்றி, குருநாதரைப் பற்றி, தாமே அச்சிட்ட கவிதை நூலை வைத்துத் தம்மைப் பற்றி எழுத வருகிறவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். ஒருவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு உழைத்தார் என்பதை இக்கலைக்களஞ்சியம் அளப்பதில்லை. அவருக்குத் தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதையே பார்க்கிறது. ஒரு மண்டபத் திறப்பு விழாச் செய்தியில் பெயர் வந்தால் அது விரிவான எழுத்து ஆகாது. அவரே கொடுத்த நேர்காணல் அவருக்குத் தொடர்பில்லாத ஆதாரம் ஆகாது. இவ்வளவும் தெளிவாகச் சொல்லப்பட்டது. ஆனால் முதல் ஞாயிற்றின் முறையை இங்கே கைவிட்டுவிட்டு, விரிவுரையாகவே நடத்திவிட்டார்கள். நாலைந்து மனிதர்களுக்கான ஆதாரங்களைப் பெயர் மறைத்து அவையிடம் கொடுத்து, யாருக்குக் கட்டுரை நிற்கும் என்று முடிவு செய்யச் சொல்லியிருந்தால் கசப்பு பாதியாகக் குறைந்திருக்கும். விரிவுரையில் கேட்ட விதி அடுத்தவருக்கானதாகவே ஒவ்வொருவருக்கும் படுகிறது.

பதிப்புரிமைக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. விக்கிப்பீடியாவின் உரை யாரும் பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் மறுபடி பயன்படுத்தக்கூடியது. ஆகவே பிறர் எழுதியதை எடுத்து ஒட்டுவது அங்கே இருமடங்கு தவறாகிறது என்பது வரை சொன்னார்கள். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால்தான் இந்தியச் சட்டப்படி அவர் நூல் பொதுவுடைமையாகும் என்பதும் வந்தது. ஆனால் படங்களைப் பற்றிய கேள்விகளுக்கு அவசர விடைகளே கிடைத்தன. பொது இடத்தில் நிலையாக அமைந்த கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுக்க இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. எனவே திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை நாமே எடுத்த படமாக, விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமாகிய பொதுவகத்தில் ஏற்றலாம். ஆனால் அதே மகாலைப் பற்றி நாளிதழில் வந்த படத்தை ஏற்ற முடியாது. இந்த வேறுபாட்டை ஒரு செய்முறையாகக் காட்டியிருக்க வேண்டும். ஏனெனில் இளைஞர்கள் வாக்கியத்தை விடவும் படத்தைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றிய அமர்வு மீண்டும் தரத்துக்கு வந்தது. ஆங்கிலக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்து இயந்திரத்தின் உதவியோடு தமிழாக்கும் கருவி விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறது; புதியவர்களுக்கு அது பெரிய ஆசை. அதைப் பயன்படுத்துவதற்கு முன்பு பயிற்றுநர் ஒரு பழைய கதையைச் சொன்னார். 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் கருவியைக் கொண்டு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகளைச் சேர்த்தபோது, எண்ணிக்கை கூடியது. ஆனால் அவற்றின் நடையையும் தலைப்புத் தேர்வையும் பற்றித் தமிழ்ப் பங்களிப்பாளர்கள் எழுப்பிய கேள்விகள் 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த, விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களின் உலக மாநாடான விக்கிமேனியா வரை சென்றன. கட்டுரை எண்ணிக்கையைக் காட்டிலும் படிக்கத்தக்க தமிழே முக்கியம் என்ற நிலைப்பாட்டுக்கு இந்தச் சமூகத்தில் ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, இயந்திரம் தந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு பத்தியை எல்லாரும் சேர்ந்து திருத்தினோம். ‘மூலம்’, ‘மற்றும்’, ‘ஒரு’ ஆகிய மூன்றையும் தேவையில்லாத இடங்களில் எடுத்துவிட்டதுமே அது தமிழாகத் தொடங்கியது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் கட்டுரைகளையும் தனியே பேசியிருக்கலாம், பேசவில்லை. ஒரு மாணவர் அப்படிப்பட்ட உரையைக் கொண்டுவந்து காட்டியபோது, அதில் இருந்த மேற்கோள்களில் ஒன்றைத் தேடச் சொன்னார் பயிற்றுநர். அந்தப் பெயரில் நூலே இல்லை. கூடம் சிரித்தது, அடுத்ததற்குப் போய்விட்டார்கள். சிரித்துக் கடக்கும் செய்தி அன்று அது. இனி வரும் புதியவர்களில் பெரும்பாலோர் அந்த வழியாகத்தான் வரப் போகிறார்கள்.

அச்சிட்ட குறிப்புத் தாள்களில் தலைப்பிடும் வழக்கங்கள் நன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தலைப்பில் அருள்மிகு, திரு, கவிஞர் போன்ற முன்னொட்டுகள் வேண்டாம் என்பதும், முதல் வாக்கியத்திலேயே பொருள் இன்னதென்று சொல்லிவிட வேண்டும் என்பதும், பகுப்புகளையும் உள்ளிணைப்புகளையும் இடும் முறையும் எடுத்துக்காட்டுகளோடு உள்ளன. வைகை அணை தேனி மாவட்டத்தில் வைகை ஆற்றின் குறுக்கே அமைந்து 1959-இல் திறக்கப்பட்ட அணை என்ற அளவில் ஒரு முன்மாதிரித் தொடக்க வாக்கியம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும். கலைக்களஞ்சிய மரபு பற்றி ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு ஏமாற்றம். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது இதே ஊரில், 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக. தகவலைத் தொகுத்து அகர வரிசைப்படுத்தி வைக்கும் வேலைக்கு மதுரை புதிய ஊர் அன்று என்று அறிந்தால், தரம் என்பது எங்கிருந்தோ வந்து தம் மீது சுமத்தப்பட்டது என்ற எண்ணம் புதியவர்களுக்கு எழாது.

பெரிய குறை ஒன்று மிச்சமிருக்கிறது. வகுப்பு முடிந்த பிறகு என்ன? இணையத்தில் உதவி இல்லாமல் இல்லை. புதுப் பயனரின் உரையாடல் பக்கத்துக்கு வரவேற்புச் செய்தி வருகிறது; ஐயம் கேட்க ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது; பொதுவாகப் பேச ஆலமரத்தடி இருக்கிறது. ஆனால் வரவேற்புச் செய்தியிலுள்ள இணைப்புகளில் எதை முதலில் படிப்பது என்று தெரியாமல் மூடிவிடுபவர்களே இவ்வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களை ஒத்தாசைப் பக்கத்தில் முதல் கேள்வியை வகுப்பிலேயே எழுதவைத்து, விடை வருவதைக் காணச் செய்திருந்தால், அந்தக் கூச்சம் அங்கேயே உடைந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு புலனக் குழுவைத் தொடங்கிக் கொடுத்தார்கள். அதில் இப்போது காலை வணக்கப் படங்கள் வருகின்றன. ஒரு கட்டுரையின் குறையை அக்கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பேசினால் பின்னால் வருகிறவரும் படிப்பார்; புலனத்தில் பேசினால் அது அன்றோடு போயிற்று. நடத்துபவர்களிடம் இதைச் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்கள்.

இத்தனைக்குப் பிறகும், தன் ஊரைப் பற்றியோ தன் துறையைப் பற்றியோ எழுத நினைக்கும் எவருக்கும் முதல் ஞாயிற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முன்பே எழுதத் தொடங்கி, சில நீக்கங்களையும் சந்தித்தவர்களுக்கு இது இன்னும் பயன்படும். நிறுவனத்துக்கோ கடைக்கோ பக்கம் உருவாக்கும் நோக்கத்தோடு வருகிறவர்கள் காலத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு அங்கே உதவ மாட்டார்கள், உதவவும் கூடாது. போகிறவர்கள் தாம் எழுத விரும்பும் பொருளைப் பற்றிய அச்சு நூல் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது, மேற்கோள் இடும் பயிற்சிக்கு அது உடனே பயன்படும். மடிக்கணினி இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் கூடத்திலுள்ள கணினிகளில் ஒன்றை ஒதுக்கித் தருகிறார்கள். சாப்பாடு எளிமையானது, குறைவில்லை. மாடிப்படி செங்குத்தானது, மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கேட்டால் கீழ்த்தளத்து அறையில் வகுப்பை வைத்துக்கொள்ளவும் அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.